ரிசப்ஷன் கோட்டும் ரெண்டு பழைய பெல்ட்டும்: ஊசி நூல் இல்லாமல் ஸ்டீம்பங்க் வேஷம்

அறுந்த பட்டனைத் தைக்கக்கூட எனக்குத் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியும் ஒரு காலேஜ் விழாவுக்கு ஸ்டீம்பங்க் வேஷம் கட்டி, அதன்பிறகு கூட்டாளிகள் நாலு பேருக்கும் கட்டிவிட்டேன். தைக்கவில்லை, ஒட்டினேன், கட்டினேன், ஊக்கு குத்தினேன், அவ்வளவுதான்.

ஸ்டீம்பங்க் என்றால் கரண்டும் பெட்ரோலும் தலையெடுக்காமல் 19ஆம் நூற்றாண்டின் நீராவி இயந்திரங்களே எல்லாவற்றையும் ஓட்டியிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை. அந்த மாதிரி நாவல்களுக்கு 1987ல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் பாதி வேடிக்கையாக வைத்த பெயர் இது, உடையெல்லாம் அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. படம் தேடினால் லண்டன் துரைமார் மாதிரிதான் வரும். நாம் ஏன் லண்டனுக்குப் போகவேண்டும்? 1906ல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் காலியா, லாவோ என்று கப்பல் விட்ட சீமை இது. அந்தக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், வரைபடம் வைத்திருக்கிறவர் என்று முதலில் ஒரு ஆளை முடிவு பண்ணுங்கள். ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் எதை வாங்கவேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகத் தெரியும். நான் இதை யோசிக்காமல்தான் ஆரம்பித்தேன். பாதி வேஷத்தில் பார்த்த ஆச்சி, "என்னல இது, கப்பல்ல கரி அள்ளுதவன் மாதிரி இருக்க?" என்று கேட்டாள். சரி, அதுவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துணி தேடுவதுதான் முக்கால்வாசி வேலை. முதலில் வீட்டு பீரோ. நம் பக்கத்தில் கல்யாண ரிசப்ஷனுக்கு ஒரே ஒரு நாள் கோட்டு சூட்டு போட்டுவிட்டு, அப்புறம் இருபது வருடம் பாச்சா உருண்டையோடு பூட்டிவைக்கிற சித்தப்பா இல்லாத வீடு உண்டா? தாத்தாவின் சஃபாரி சட்டை இருந்தால் இன்னும் அதிர்ஷ்டம். கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் (நான் கேட்கவில்லை, சித்தப்பா இன்னும் அந்த பீரோவைத் திறக்கவும் இல்லை). வீட்டில் கிடைக்காவிட்டால் பிளாட்பாரத்தில் பழைய துணி குவித்து விற்கிற அண்ணாச்சிகளிடம் போங்கள். சைஸைப் பார்க்காதீர்கள், கையால் தடவிப் பாருங்கள். கனமான துணி, பழுப்பு, கறுப்பு, அரக்கு, பாசிப்பச்சை, இவ்வளவு போதும். பழைய ரெக்சின் ஹேண்ட்பேக், அறுந்த பெல்ட், ஸ்கூல் பேக் பக்கிள் எதையும் விடாதீர்கள். "இதை வச்சு என்ன தம்பி செய்யப் போற?" என்று கேட்பார்கள். நாடகத்துக்கு என்று சொன்னால் விலை குறையும், சினிமாவுக்கு என்று வாய்தவறிச் சொன்னால் ஏறிவிடும்.

கோட்டை வெயிஸ்ட்கோட், அதாவது கையில்லாத கோட்டு ஆக்க, கத்திரியை எடுக்காதீர்கள். கை சேரும் இடத்தில் தையலை பிளேடால் பிரித்தால் கை தனியாகக் கழன்று வரும். விளிம்பை ஒரு விரல் அகலம் உள்ளே மடித்து, துணிப் பசை தடவி, துணி காயப்போடுகிற கிளிப்பைக் குத்தி ராத்திரி முழுக்க விடுங்கள். முதுகில் லொடலொடவென்று இருந்தால் நடுவில் ஒரு மடிப்பு எடுத்து, உள்ளிருந்து ஊக்கு குத்தி, மேலே குறுக்காக ஒரு பெல்ட் துண்டை ஒட்டிவிடலாம். கழற்றிய கைகளை எறியாதீர்கள், முழங்காலுக்குக் கீழே பட்டியாகச் சுற்ற அவைதான் உதவும்.

பசை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். நொடியில் ஒட்டும் அந்தக் குட்டிக் குப்பிப் பசையைப் பருத்தித் துணியில் ஊற்றிவிட்டேன், புகை வந்து விரல் வெந்துபோனது. அந்தப் பசை பருத்தியில் பட்டால் வேகமாக இறுகி அப்படிச் சூடாகும், அது அதன் குணம். துணிக்குத் துணிப் பசை. ரெக்சின், ஃபோம், பழைய ரப்பர் செருப்பு இவற்றுக்கு மஞ்சள் ரப்பர் பசை: இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, அப்புறம் அழுத்தவேண்டும், ஈரத்தோடு ஒட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிற குளூ கன் அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லது, மெல்லிய பாலியஸ்டரைச் சுருட்டிவிடும்.

வெள்ளைச் சட்டையைப் பழசாக்க டீத்தூள் போதும். மூன்று லிட்டர் தண்ணீரில் பத்து ஸ்பூன் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, நனைத்த சட்டையை ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டால் பழுப்பு சாம்பல் நிறத்துக்குப் போகும். திட்டுத்திட்டாக வந்தால் கவலைப்படாதீர்கள், எஞ்சின் ரூம் ஆளின் சட்டை அப்படித்தான் இருக்கும். ஆனால் பருத்தியில் இது பிடிக்கும், பாலியஸ்டரில் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணி மாதிரி உருண்டால் பாலியஸ்டர்.

பெண்களுக்கு இடுப்புக் கச்சை. ஹேண்ட்பேக் ரெக்சினை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, செருப்பு தைக்கிற அண்ணனிடம் கொடுத்தால் இரண்டு பக்கமும் வரிசையாக லேஸ் நுழைகிற ஓட்டை போட்டுத் தருவார், ஷூ லேஸைக் கோத்து இறுக்கிக்கொள்ளலாம். ரெக்சின் ஓரம் பிரியாது, அதனால்தான் தைக்கத் தெரியாதவர்களுக்கு அது தெய்வம். பழைய பாவாடையை முன்பக்கம் இரண்டு இடத்தில் நாடாவால் தூக்கி ஊக்கு குத்தினால், கீழே அடுத்த பாவாடை தெரிய, அந்தக் காலத்து அடுக்குப் பாவாடை ஆகிவிடும்.

தொப்பி என் சொந்தக் கண்டுபிடிப்பு. வட்டமான பனை ஓலைப்பெட்டி ஒன்றை, உங்கள் தலை நுழைகிற அளவில் வாங்கிக் கவிழ்த்து, அடியில் அட்டை வட்டத்தை விளிம்பாக ஒட்டி, மேலே கறுப்பு வெல்வெட் சுற்றினால் துரை தொப்பி. கனமே இல்லை, காற்றும் போகும். தெர்மாகோலில் செய்து ஸ்பிரே பெயிண்ட் அடித்த கூட்டாளியின் தொப்பியை அந்த பெயிண்டே தின்றுவிட்டது.

ஸ்டீம்பங்க் என்றாலே எல்லோரும் தேடுகிற பல்சக்கரம் கடைசியில்தான். கண்ட இடத்தில் ஒட்டாதீர்கள், அது எதையோ ஓட்டுகிற மாதிரி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு மாதிரிதான் தெரியும். காயலான் கடையில் கெட்டுப்போன சுவர்க்கடிகாரம், பூட்டில்லாத சாவி, குழாய்த் திருகு எடுங்கள். சைக்கிள் பல்சக்கரம் அழகுதான், ஆனால் சட்டையை இழுத்துவிடும். பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்து, முழுக்கக் கறுப்பு அடித்து, காய்ந்தபின் தாமிர நிறத்தைப் பழைய துணியில் தொட்டு மேடான இடத்தில் மட்டும் தடவினால் பழைய தாமிரம் போலவே இருக்கும். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் மட்டும் வையுங்கள், கண்ணில் போட்டு நடந்தால் படி தெரியாது.

குலசேகரன்பட்டினம் கோயிலின் குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காலையில் லேசாகத் தெரிந்தது சாயங்காலம் மலையாகக் கனக்கும் என்பார்கள். அங்கே அது விரதமிருந்து கட்டுகிற நேர்ச்சை, இந்த விளையாட்டை அங்கே கொண்டுபோக வேண்டாம், கனத்தைப் பற்றிய அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் வெயிலுக்கு உள்ளே பருத்திப் பனியன் கட்டாயம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வேஷத்தை விட்டுவைத்தால் குளூ கன் பசை இளகி, சக்கரமெல்லாம் சீட்டில் கிடக்கும். பையில் இருபது ஊக்கும் ஒரு கறுப்பு டேப்பும் போட்டுக்கொள்ளுங்கள், மேடை ஏறுவதற்கு முன்னால் ஏதாவது ஒன்று கண்டிப்பாகக் கழலும்.