வெளிநாடு போகும்போது சார்ஜர், அடாப்டர்: எதைப் பார்த்து எடுத்துப் போவது?

பிளக் பொருந்துவது வேறு, மின்சாரம் பொருந்துவது வேறு. கடையில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் டிராவல் அடாப்டர் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். உள்ளே இருப்பது சில பித்தளைத் தகடுகள். சுவரில் 120 வோல்ட் வந்தால் அதே 120 வோல்ட்தான் வெளியேயும் வரும். அதனால் அடாப்டர் வாங்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது.

படி 1: சார்ஜரின் முதுகைப் படியுங்கள்

கொண்டுபோகப் போகிற எல்லாவற்றையும் மேஜையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். படிக்க முடியாவிட்டால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலையில்லை. ஜப்பானின் 100 வோல்ட், அமெரிக்காவின் 120, நம் ஊரின் 230 எல்லாவற்றையும் அது தாங்கும். இன்றைய போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

220–240 என்று மட்டும் போட்டிருந்தால் அமெரிக்கா, கனடா, ஜப்பானுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் மூன்றும் இந்த ரகம். வோல்ட் பாதியானால் வாட் கால்வாசியாகிவிடும்: இங்கே 1500 வாட் இழுக்கும் கெட்டில் அங்கே சுமார் 400 வாட்தான் இழுக்கும், தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட், 1500 வாட் ஹேர் டிரையரை இங்கே செருகினால் அது 5500 வாட் வரை இழுக்கப் பார்க்கும். சில நொடிகளில் காயில் போய்விடும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மிக்ஸி கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 230 வோல்ட் மிக்ஸிக்கு அங்கே கனமான டிரான்ஸ்பார்மர் வேண்டும். இங்கேயே 110 வோல்ட் மிக்ஸி என்று கேட்டு வாங்குவது மேல்.

படி 2: போகிற நாட்டின் பிளக் பாயிண்ட்

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், துபாய்: மூன்று சதுர பின் கொண்ட ‘ஜி’ வகை. இலங்கையில் பழைய கட்டிடங்களில் நம் ஊர் உருண்டை பின், புதியவற்றில் ‘ஜி’. அதனால் அங்கேயும் ஒரு ‘ஜி’ அடாப்டர் பையில் இருக்கட்டும்.

இந்த ‘ஜி’ பாயிண்டில் ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது. மேலே உள்ள எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தினால் கீழே இருக்கும் தடுப்பு விலகும். நம் டூ பின் சார்ஜரைத் திணித்துவிடலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தட்டையான பின்னுக்காகச் செய்த தொடுமுனையில் உருண்டை பின் முழுதாக ஒட்டாது. தொடுகிற இடம் சூடேறும். இன்னொன்று, பிரிட்டனில் பல வீடுகளின் வயரிங் 32 ஆம்பியர் பிரேக்கரை நம்பி ஓடுகிறது. சார்ஜரின் மெல்லிய வயரை அந்தப் பிரேக்கர் காக்காது; காப்பது பிளக்குக்குள் இருக்கும் 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ்தான். டூ பின்னை நேரே திணித்தால் அந்தக் காவலே இல்லாமல் போகிறது.

ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, சுவிட்சர்லாந்து: 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மெல்லிய டூ பின் போன் சார்ஜர் அப்படியே உள்ளே போகும். பின் 5 மில்லிமீட்டர் இருந்தால் இறுகும், பலம் கொடுத்துத் தள்ள வேண்டாம். நம் ஊர் த்ரீ பின்னுக்கு அடாப்டர் வேண்டும். ஜெர்மனிக்கென்று வாங்கிய வட்டமான அடாப்டர் சுவிட்சர்லாந்தின் குறுகிய குழிக்குள் நுழையாது.

அமெரிக்காவும் ஜப்பானும் இரண்டு தட்டை பின். ஆனால் ஜப்பானில் பல இடங்களில் எர்த் ஓட்டையே கிடையாது, ஒரு பின் மற்றதைவிட அகலமாக இருந்தால் சில இடங்களில் நுழையாது. ஜப்பானுக்கு இரண்டும் ஒரே அகலமுள்ள டூ பின் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆஸ்திரேலியாவுக்குச் சாய்ந்த பின்.

கடையில் வெறுமனே ‘அடாப்டர்’ என்றால் லேப்டாப் சார்ஜரை எடுத்துக் கொடுப்பார்கள். நாட்டின் பெயரைச் சொல்லி, டிராவல் அடாப்டர் என்று கேளுங்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒரே அடாப்டர் என்று விற்பவற்றில் பலவற்றுக்கு எர்த் இணைப்பு கிடையாது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பை அதில் போட்டால் கையில் லேசாக விறுவிறுக்கும். சார்ஜருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற மின்சாரம் போக எர்த் இல்லாததால் வருவது அது. இதற்கு நல்ல வழி, சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயரை மட்டும் மாற்றுவது. கட்டியில் மூன்று இலை போன்ற வாய் இருக்கும். அதே வாயும், போகிற நாட்டு த்ரீ பின்னும் கொண்ட வயர் தனியாகக் கிடைக்கும். அடாப்டரே தேவைப்படாது.

படி 3: சுமையைக் குறையுங்கள்

நான்கு சார்ஜருக்கு நான்கு அடாப்டர் வேண்டாம். யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் 65 வாட் சார்ஜர் ஒன்று போதும். ‘அவுட்புட்’ வரியில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் இருக்கிறதா பாருங்கள். சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் கொடுக்கும்; முழு 65 வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வாங்க வேண்டும். போனையும் கூடவே செருகினால் லேப்டாப்புக்குப் போவது 45 வாட் அளவுக்கு இறங்கும். இரவு முழுக்கப் போட்டு வைப்பதற்கு அதுவே தாராளம்.

பழைய வகை லேப்டாப் என்றால், ஒரு அடாப்டரும் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துப் போங்கள். லேப்டாப், இரண்டு போன், கேமரா எல்லாம் சேர்ந்தும் 120 வாட்டைத் தாண்டாது. அதே பாக்ஸில் கெட்டிலைச் செருகாமல் இருந்தால் சரி. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் ஸ்பைக் பஸ்டரை மட்டும் 230 வோல்ட்டில் போடவே கூடாது. உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பாகம் உயர் அழுத்தம் வந்ததாக நினைத்து மின்சாரத்தைப் பாயவிட்டு எரிந்துவிடும்.

படி 4: அறையில்

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பிளக் பாயிண்டுக்குப் பெரும்பாலும் ஸ்விட்ச் இருக்காது. செருகும்போது ஒருமுறை சிறு பொறி வந்தால் பயப்பட வேண்டாம். செருகிய பிறகும் சடசடவென்று சத்தம் வந்தாலோ, பிளாஸ்டிக் வாடை அடித்தாலோ உடனே கழற்றி வேறு பாயிண்டுக்கு மாறுங்கள். கனமான அடாப்டர் தொங்கித் தளர்வதுதான் பெரும்பாலும் காரணம்.

சாவி அட்டையை உருவினால் அறையின் மின்சாரம் நின்றுவிடும் ஹோட்டல்களில், நீங்கள் வெளியே போனதும் சார்ஜும் நிற்கும். குளியலறையில் ஷேவருக்கென்று குறித்த பாயிண்ட் ஷேவருக்கு மட்டுமே. லேப்டாப்பை அது தாங்காது.

பவர் பேங்க்

செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பவர் பேங்கில் எம்ஏஎச் (mAh, மில்லிஆம்பியர்-மணி) என்று போட்டிருக்கும் எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வாட்-மணி வரும்: 20,000 என்றால் 74, தாராளமாகப் போகலாம், 30,000 என்றால் 111, அனுமதி தேவை. எண் அழிந்துபோன பவர் பேங்கை சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்கால் போனை சார்ஜ் செய்யவே அனுமதியில்லை. சீனாவின் உள்நாட்டு விமானங்களில், 2025 ஜூன் 28 முதல் ‘3சி’ (சீனாவின் பாதுகாப்புச் சான்று) முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏறாது. நம் ஊர்க் கடையில் வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே திருப்பிப் பாருங்கள்.