புட்டோ நடனம்: நூலக ஆதாரங்களைத் தேடித் தொகுக்கும் முறை

ஜப்பானிய நடனக்கலைஞர் ஹிஜிகாத்தா தத்சுமி 1959 மே 24 அன்று டோக்கியோவில் மேடையேற்றிய ‘கின்ஜிகி’ என்னும் சிறு ஆடலிலிருந்தே, ஜப்பானில் பிறந்த நவீன நடன வடிவமான புட்டோவின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அன்று அந்த ஆடலுக்குப் புட்டோ என்ற பெயர் இல்லை. ஆகவே, நூலகப் பட்டியலில் அந்த ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுகிறவருக்குத் தொடக்கக் காலத்து எழுத்துகளில் பெரும்பகுதி அகப்படாமலே போகும்.

முதலில் ஒரு சொற்பட்டியல் தயாரியுங்கள். 1960களின் முற்பகுதியில் வழங்கிய ‘அங்கொக்கு புயோ’, பின்னர் நிலைத்த ‘அங்கொக்கு புட்டோ’ ஆகிய இரண்டும் அதில் இடம்பெற வேண்டும். ‘அங்கொக்கு’ என்பது காரிருளைக் குறிக்கும். ரோமன் எழுத்தில் புட்டோ என்பதை இறுதியில் ‘எச்’ சேர்த்தும், சேர்க்காமலும், ‘ஓ’வின் மேல் கோடிட்டும் எழுதுவார்கள். புட்டோவின் மற்றொரு முன்னோடியான ஓனோ கசுவோவின் பெயருக்கும் இதே சிக்கல் உண்டு. ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவதால் இரண்டு வரிசைகளிலும் தேடிப் பாருங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும், ஒரு நூற்பதிவில் காணும் ஜப்பானிய எழுத்துகளை அப்படியே படியெடுத்துத் தேடலாம். எனக்குத் தெரிந்தவரை இதுவே மிகுந்த பலன் தரும் வழி.

அடுத்து, உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும், ஜப்பானியப் பல்கலைக்கழக நூலகங்களின் இருப்பைக் காட்டும் சைனியிலும் தேடுங்கள். ஆங்கிலம் வழியாகத் தொடங்குவோர், ஹிஜிகாத்தாவின் எழுத்துகள் மொழிபெயர்ப்பில் வெளிவந்த ‘தி டிராமா ரெவ்யூ’ 2000 வசந்தகால இதழை முதலில் இரவல் பெறலாம்.

கிடைத்தவற்றை வகைப்படுத்தும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ஹொசோயே எய்கோவின் 1969ஆம் ஆண்டுப் புகைப்பட நூலான ‘கமாய்தாச்சி’யைப் பலர் மேடை நிகழ்ச்சியின் பதிவாகக் கருதிவிடுகிறார்கள். உண்மையில், ஹிஜிகாத்தாவின் பிறந்த மண்ணான அகித்தாவின் வயல்வெளிகளிலும் ஊர் மக்களிடையேயும் எடுத்த படங்கள் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. அதைப் புகைப்படக் கலைஞரும் ஆடுபவரும் சேர்ந்து படைத்த தனிப் படைப்பாகவே குறிக்க வேண்டும். ஹிஜிகாத்தாவின் ஆடலை இமுரா தகாஹிகோ 1963இல் படமாக்கிய ‘அன்மா’விலும் கேமரா ஒதுங்கி நின்று பார்க்கவில்லை. ‘யமேரு மைஹிமே’ என்ற 1983ஆம் ஆண்டு நூலில் ஹிஜிகாத்தா தம் இளமையைப் பற்றி எழுதினாலும், அதன் மொழி புனைவும் கவிதையும் கலந்தது. ஆகவே அதை மட்டும் நம்பி வாழ்க்கைக் குறிப்பு எழுதக் கூடாது.

பிறகு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தனித்தாள் வைத்து, அதற்குரிய சுவரொட்டி, விமர்சனம், புகைப்படம், படச்சுருள் ஆகியவற்றையும் அவை இருக்கும் நூலகத்தையும் எழுதுங்கள். ஓனோவின் ‘லா அர்ஜென்டினா’ ஆடல் 1977இல் ஹிஜிகாத்தாவின் இயக்கத்தில் மேடையேறியது. ஆனால் அதன் வேர், ஓனோ 1929இல் டோக்கியோவில் கண்ட ‘லா அர்ஜென்டினா’ என்ற மேடைப்பெயர் கொண்ட ஸ்பானிய நடனக்கலைஞர் அந்தோனியா மெர்சேயின் நிகழ்ச்சியில் இருக்கிறது. அந்தத் தாளில் மெர்சேயின் பெயரையும் எழுதாவிட்டால் ஸ்பானிய நடனப் பிரிவில் உள்ள நூல்கள் உங்கள் கண்ணிலேயே படாது.

கடைசியாக ஆவணக் காப்பகம். கெய்யோ பல்கலைக்கழகக் கலை மையத்தில் 1998 முதல் ஹிஜிகாத்தா காப்பகம் இயங்குகிறது. ஓவியங்களை இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டி, அருகே சொற்களால் அசைவைக் குறித்து வைத்த அவருடைய குறிப்பேடுகள் புட்டோ ஆய்வுக்கு ஈடற்றவை. அந்தக் காப்பகத்துக்கு எழுதும்போது, பொதுவாக ‘புட்டோ பற்றிய தகவல்’ என்று கேட்காமல், உங்கள் தாளிலிருந்து நிகழ்ச்சியின் பெயர், ஆண்டு, வேண்டிய ஆவண வகை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, பார்வையிட மட்டுமா, படியெடுக்கவுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.