பரணில் ஏறிய குடம்: பழைய வீட்டுப் பொருள்களிடம் நாம் செய்யும் தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுப் பரணில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த பித்தளைக் குடம் ஒன்றை, சென்ற பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதற்காகக் கீழே இறக்கினோம். அதன் கழுத்தருகே, சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில் 'வி.க. 1958' என்று இருந்தது. வீட்டில் இருந்த நால்வரில் ஒருவருக்கும் அந்த எழுத்துகள் யாருடையவை என்று சொல்லத் தெரியவில்லை; தாத்தா, பாட்டி இருவர் பெயரும் 'வி'யில் தொடங்குவதில்லை. தலைமுறைச் சொத்து என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வரி கூட அறியாமல் இத்தனை காலம் வைத்திருந்தோம் என்பது எனக்கு வெட்கமாகவே இருந்தது. பழைய பொருள்கள் அன்றாட மகிழ்ச்சியைத் தர வேண்டுமென்றால் அவை கையில் புழங்க வேண்டும், அவற்றைப் பற்றிய பேச்சும் வீட்டில் புழங்க வேண்டும் என்பதை அந்தக் குடத்தைத் துலக்கிய நாளில்தான் உணர்ந்தேன். அதற்குத் தடையாக நாங்கள் செய்த தவறுகளையும், அக்கம்பக்கத்தில் கண்ட தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துவது. வடசென்னை வீடுகளில் இடம் குறைவு. ஒண்டுக்குடித்தனமாக இருந்த வீடுகள் இன்று சிறு அடுக்ககங்களாக மாறிய பிறகும், ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட குடும்பங்களே மிகுதி. ஆகவே பாட்டி காலத்துப் பொருள் எது கிடைத்தாலும் அதைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, 'வைத்திருக்கிறோம்' என்ற நிறைவோடு இருந்துவிடுகிறோம். இதை விட, பத்துப் பொருள்களில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து நாள்தோறும் பயன்படுத்துவதும், மற்றவற்றை அவற்றை விரும்பும் உறவினருக்குக் கொடுப்பதும் நல்லது. எங்களுக்குத் தெரிந்த பெரம்பூர் வீடொன்றில், 1996-இல் மூடப்பட்ட பின்னி மில்லுக்கு அந்த வீட்டுப் பெரியவர் ஒருகாலத்தில் சோறு கொண்டுபோன மூன்றடுக்குப் பித்தளை டிபன் கேரியரில், இன்று பேரப்பிள்ளை அலுவலகத்துக்கு எலுமிச்சை சாதம் எடுத்துச் செல்கிறான். அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் யாருக்கு என்ன பயன்?

ஆனால் எலுமிச்சை சாதம் என்றதும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளி, எலுமிச்சை, மோர், தக்காளி போன்ற புளிப்பான பொருள் எது பட்டாலும் அந்த உலோகம் கரைந்து உணவில் கலக்கும். அதைத்தான் பெரியவர்கள் 'களிம்பு ஏறிவிட்டது' என்பார்கள். குமட்டலும் வாந்தியும் அதனால் வரும். இதைத் தடுக்கத்தான் உள்பக்கம் ஈயம் பூசினார்கள். அந்த டிபன் கேரியரும் ஈயம் பூசியதே. பழைய பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கிய ஆர்வத்தில், ஈயம் போன பாத்திரத்திலேயே புளிக்குழம்பு வைப்பதுதான் இன்றைய புதிய ஆர்வலர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு. உள்ளே வெள்ளி நிறம் மங்கி மஞ்சள் எங்கேயாவது எட்டிப் பார்த்தால், மறுபடி பூசும் வரை அதில் தண்ணீர் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

'பாத்திரத்துக்கு ஈயம் பூசறது' என்று தெருவில் கூவி வருவோர் குறைந்துவிட்டாலும், பாத்திரக் கடைக்காரர்களிடம் விசாரித்தால் ஆள் கிடைப்பார். அந்த வேலையை ஒருமுறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். கரியடுப்பில் துருத்தியால் காற்றடித்துப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழுந்து மூக்கைத் துளைக்கும். ஈயக் குச்சியை இரண்டு இடத்தில் இழுத்த கையோடு, பஞ்சால் ஒரே சுழற்றாகத் துடைப்பார். அழுக்கு மஞ்சளாக இருந்த உள்பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் நிலவு போல வெளுத்துவிடும். இங்கே ஒரு சொல் குழப்பமும் உண்டு. ஈயம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அது சிறிதும் கலக்கக் கூடாது. ஈயச்சொம்பு வாங்கும்போதும் இதையே கேட்க வேண்டும். தூய வெள்ளீயத்தை மெல்ல வளைத்தால் நறநறவென்று ஓர் ஒலி எழும் என்பது பழைய வியாபாரிகள் சொல்லும் அடையாளம், அது உண்மையும் கூட.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இந்த ஒரு எண்ணை நான் முன்பே அறிந்திருந்தால், அம்மாவின் ஈயச்சொம்பு இன்று என்னிடம் இருந்திருக்கும். ரசம் வைக்கும் உற்சாகத்தில் காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளியைக் கரைக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் இல்லை, பர்னரைச் சுற்றிப் பாதரசம் போல ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஈயச்சொம்பில் புளித் தண்ணீரையோ ரசத்தையோ ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஈயம் பூசிய பாத்திரத்துக்கும் இதே விதி: வெறும் பாத்திரத்தைச் சூடாக்குவதோ, அதில் எண்ணெய் காய வைத்து வடை பொரிப்பதோ கூடாது, கம்பி நார் போட்டுத் தேய்ப்பதும், கூரான கரண்டியால் சுரண்டுவதும் பூச்சை வழித்துவிடும், மரக்கரண்டியே ஏற்றது.

துலக்குவதிலும் அளவு வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுப் பாட்டிமார் தேய்த்ததற்கும், இன்று கடையில் வாங்கும் பொடிகளைக் கொண்டு வாரம் இருமுறை கண்ணாடி போல ஆகும் வரை தேய்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் சிறிது குறைகிறது. பாத்திரத்தில் குத்திய பெயர்கள் ஆழமற்ற புள்ளிகள் மட்டுமே. தெருவில் இருவர் வீட்டில் அவை கையால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். பளபளப்பு ஒரு வாரத்தில் திரும்பவும் மங்கும், எழுத்து போனால் போனதுதான். எழுத்துள்ள பகுதியை மென்துணியால் துடைத்து விட்டுவிடுவது போதும்.

இரும்பு தோசைக்கல்லுக்கு இங்கே கடற்காற்றே எதிரி. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கழுவிய கல்லை ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு கட்டும். கழுவியதும் அடுப்பில் காட்டி உலர்த்தி, பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

பட்டுப்புடவை வேறு கதை. அசல் ஜரிகை என்பது வெள்ளியின் மேல் பொன் முலாம் பூசிய இழை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும், ஆலைகள் சூழ்ந்த மணலி, எண்ணூர்ப் பக்கத்தில் வசிப்போர் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். நாம் செய்யும் தவறு, கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே புடவையை வைத்து, மடிப்புக்குள் அந்துருண்டையையும் போட்டு, பத்தாண்டு மறந்துவிடுவது. உறைக்குள் ஈரம் தங்கும். அந்துருண்டை ஜரிகையைத் தொட்டால் கறை படியும். ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே கிழியும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைத்தால் போதும். அதை விட நல்ல வழி, உடுத்துவதுதான். முகூர்த்தப் புடவையை வேறு எதற்கும் கட்டக் கூடாது என்று காத்திருந்து, கடைசியில் பழைய ஜரிகை வாங்க வருபவரிடம் எடைக்குப் போட்ட வீடுகளை நான் அறிவேன். அந்தப் புடவைகள் எரிக்கப்பட்டு வெள்ளியும் சிறிது பொன்னும் மட்டும் மிஞ்சும்.

ஒளிப்படங்களில் நேரும் இழப்பை வடசென்னைக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023-இல் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அப்போது பலர் செய்த தவறு, நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களை உலர்ந்த பிறகு பிய்த்து எடுக்க முயன்றதும், வெயிலில் காய வைத்ததும். ஈரம் இருக்கும்போதே நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, படப் பக்கத்தைத் தொடாமல், முகம் மேலாக நிழலில் பரப்ப வேண்டும். சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன கறுப்பு வெள்ளைப் படத்தைப் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆல்பத்தைப் பீரோவின் அடித்தட்டில் வைக்கும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும். படத்தின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும்.

எல்லாவற்றையும் பத்திரப்படுத்துவதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு: நம் வீட்டில் இருந்ததைப் போகிக்கு முந்தின நாள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அதே போன்ற ஒன்றைப் 'பழங்காலப் பொருள்' என்று பெரும் விலைக்கு வாங்குவது. 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் தொடர்ச்சியாகச் சென்ட்ரல் நிலையத்தின் அருகில் இயங்கும் கடைகளில் நான் மணிக்கணக்காக அலைந்திருக்கிறேன்; அலைவதே ஓர் இன்பம். ஆயினும் அங்கே வாங்கிய வெற்றிலைப் பெட்டியில் எனக்கு ஒரு முகமும் தெரிவதில்லை. அதே வேளையில் வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த குடும்பமொன்றில், மூங்கில் பின்னலின் மேல் அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தேன். விளிம்பில் அரக்கு பெயர்ந்து, உள்ளே இப்போது ஊசி நூலும் ரேஷன் அட்டையும் இருந்தன. அதை விற்பீர்களா என்று யாரோ கேட்டதற்கு, 'ரேஷன் கார்டை எங்க வெக்கிறது?' என்றாராம் அந்த வீட்டம்மா.

கைவேலை கற்பவர்கள் செய்யும் தவறுகள் எனக்குச் சொந்த அனுபவம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்ட பிறகு, எங்கள் தெருவில் ஒயர் கூடைகள் மறுபடி தலைகாட்டின. நானும் பின்னக் கற்றேன். எடுத்த எடுப்பிலேயே சிவன் கண் முடிச்சில் பெரிய கூடை போட ஆசைப்பட்டு, ஒயரை அளவு குறைத்து வெட்டி, சுவர் பாதி எழும்பும் முன்பே ஒயர் தீர்ந்து நின்றேன். கூடுதலாக ஒரு கட்டு வாங்கி வந்தால் அதே பச்சை வேறு பச்சையாக இருந்தது. தேவையான ஒயரை ஒரே தடவையில் வாங்குவதும், சாதா முடிச்சில் சிறிய கூடையோடு தொடங்குவதும், அடி போடும்போதே ஒவ்வொரு முடிச்சையும் ஒரே இறுக்கத்தில் இழுப்பதும் முக்கியம். அடியில் ஒரு கண் தளர்ந்தால் கூடை நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும். இதையெல்லாம் விடப் பெரிய தவறு, இரண்டாவது கூடையிலேயே விற்பனைக்கு விலை போட்டுப் பார்ப்பது. நான் அதைச் செய்தேன். ஒரு மாதம் பின்னலைத் தொடவே மனம் வரவில்லை. அந்த முதல் கூடை சாய்ந்தபடியே இன்றும் காய்கறி சுமக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

கடைசியாக, கேட்காமல் விடுவது, அல்லது தவறாகக் கேட்பது. செல்பேசியை முகத்துக்கு நேரே நீட்டி 'உங்கள் பழைய நினைவுகளைச் சொல்லுங்கள்' என்றால் எந்தப் பெரியவரும் பள்ளிப் பிள்ளை போல ஒப்பிப்பார். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய வேண்டும். குடத்தை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனபோது நானும் அப்படித்தான் செய்தேன். எழுபத்தெட்டு வயதான அத்தை எழுத்துகளைப் படிக்கவே இல்லை. குடத்தின் வாயைக் கையால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "இது நம்ம வூட்டுக் கொடமே இல்ல" என்றார்.

அவர் சொன்ன கதை இது. அன்று ஒரே முற்றத்தில் பதினொரு குடித்தனங்கள், தெருக்குழாய் ஒன்று. விடியற்காலையில் வரிசையில் வைத்த குடங்கள் மாறிப்போகாமல் இருக்கத்தான் ஆளாளுக்குப் பெயர் குத்தி வைத்தார்கள். வி.க. என்பவர் எதிர் அறையில் குடியிருந்தவர். வாடகைத் தகராறில் இரவோடு இரவாகக் கைவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, இருட்டில் எங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தன் குடத்தை விட்டுப் போய்விட்டார். மறுநாள் குழாயடியில்தான் பாட்டி அதைக் கவனித்தார். அவர்கள் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. திருப்பிக் கேட்க வருவார்கள் என்று சில மாதம் அதில் தண்ணீர் பிடிக்காமலே வைத்திருந்தாராம்.

இப்போது அந்தக் குடம் எங்கள் சமையலறையில் குடிதண்ணீரோடு இருக்கிறது. பாட்டியின் குடம் இன்னொருவர் வீட்டுப் பரணில் இருக்கக் கூடும். கழுத்தில் 'ப.தா.' என்று குத்தியிருக்கும், இடுப்பில் வைக்கும் பக்கம் ஒரு நெளிசல் இருக்கும் என்று அத்தை அடையாளம் சொல்லியிருக்கிறார்.