பக்கவாதம் வந்தவருக்கு வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

"ஒரு பக்கம் இழுத்துருச்சு" என்பார்கள் மதுரைப் பக்கம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பிவிடுகிறார்கள். கையும் காலும் மறுபடி சொன்ன பேச்சைக் கேட்பதற்கான வேலை பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. அங்கே பாசமே பல நேரம் குறுக்கே நிற்கிறது.

பெரிய தவறு, எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. ஊட்டிவிடுகிறோம், சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிறோம். பக்கவாதத்தில் அடிபட்டது தசை அல்ல, அதற்கு உத்தரவு போடும் மூளை. அடிபடாத பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் அவரே முயன்று, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்தால்தான். பயன்படுத்தாத கையை மூளை ஒதுக்கிவிடும். இதைக் கண்டுகொண்டுதான் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டௌப், நல்ல கையைக் கட்டுப்படுத்திவிட்டு, பலவீனமான கைக்கு வேலை கொடுக்கும் சிகிச்சையை உருவாக்கினார். விரலும் மணிக்கட்டும் ஓரளவு அசைகிறவர்களுக்கே அது பொருந்தும் என்பதால், பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

தைலம் தேய்ப்பது இதமாக இருக்கும், அதோடு சரி. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று இன்னமும் சொல்கிறார்கள். தோலில் தேய்க்கும் எதுவும் மூளையில் அடிபட்ட இடத்தைச் சரிசெய்யாது. அதை நம்பிப் பொன்னான முதல் வாரங்களைத் தொலைப்பதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

தோள்பட்டை விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகள். அவை தளர்ந்தால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும். அந்த நேரத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் மாதக்கணக்கில் வலியைக் கொடுத்துவிடும். கப்பியில் கயிறு போட்டுக் கையை மேலே இழுப்பதும் அப்படித்தான். உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள். எழுப்பும்போது இடுப்பைத் தாங்குங்கள்.

கை லேசாக அசையத் தொடங்கிய அடுத்த நாளே ரப்பர் பந்து வாங்கி அமுக்கச் சொல்வது இன்னொரு வழக்கம். விரல் ஏற்கெனவே இறுகி மடங்கியிருந்தால் அவருக்குத் தேவை பிடிப்பதல்ல, விடுவது. டம்ளரைப் பிடித்து வைத்துவிட்டு விரலைத் திறப்பது, துண்டை மேஜையில் விரித்துத் தள்ளுவது போன்றவை உதவும். காலமெல்லாம் பூக் கட்டிய கைக்கு மல்லிகையும் நாரும் கொடுங்கள். கட்ட வராவிட்டாலும், பலவீனமான கை நாரைப் பிடித்துக் கொடுக்கட்டும். தெரிந்த வேலையில் மனசு ஒட்டும். சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வார்.

நடக்கவைக்க அவசரப்படுவதும் வேண்டாம். எழுந்து நிற்கும் சமநிலை வராமலே நடந்தால், காலை வெளியே வளைத்து வீசும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பேசும்போது பலவீனமான பக்கமாக உட்காருங்கள், அந்தப் பக்கத்தை அவர் கவனிப்பார். அங்கே உணர்வு குறைந்திருந்தால் வெந்நீரைத் தொட்டுப் பார்க்கும் வேலை நம்முடையது.

ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றமே வராது என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். வேகம் முதல் மூன்று மாதங்களில் அதிகம், உண்மைதான். ஆனால் பயிற்சி தொடர்ந்தால் அதன்பிறகும் கை, கால் தேறும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி பஸ் ஏற முடியாதவர்கள், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.