பமுனுகமப் பக்கம் வள்ளத்தில் ஒரு காலை

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு நாள், அப்புறம் யாழ்ப்பாண பஸ். கனடாவிலிருந்து ஊர் வரும் நம்மவர் பயணம் பெரும்பாலும் இப்படித்தான். நடுவில் ஒரு காலைப் பொழுதை மிச்சம் பிடித்து, கொழும்புக்கு வடக்கே பமுனுகமப் பக்கம் போய் வாருங்கள். வத்தளையில் ஹெந்தளைச் சந்தியால் திரும்பினால் போதும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முத்துராஜவெல சதுப்பு, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டில் மீனவக் கிராமங்களும் கத்தோலிக்கத் தேவாலயங்களும்.

கிராமத்தை ஒட்டி ஓடும் கால்வாயை ஒல்லாந்தர் வெட்டியது என்பார்கள். ஒல்லாந்தர் கால்வாய் வேறு. இது 1804இல் ஆங்கிலேயர் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாய். களனி கங்கைப் பக்கமிருந்து நீர்கொழும்பு நோக்கி 14.5 கிலோமீற்றர். கோட்டே அரசர் காலத்தில் இந்தச் சதுப்பு நெல்வயலாக இருந்ததாம். உப்புத்தண்ணீர் ஏறி வயல் கெட்டது, அதை வடிக்க வெட்டினார்கள். வயல் திரும்பவில்லை. இன்று வள்ளத்தில் போகும்போது இருபுறமும் நாம் பார்ப்பது கண்டல் காடு, கொக்கு, மீன்கொத்தி, கரையில் வெயில் காயும் கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பு.

வள்ளம் போபிட்டியவில் கிடைக்கும். இரண்டு மணி நேரம் போல ஓடும். ஏறுமுன்னே காசு பேசுங்கள், மொத்த வள்ளத்துக்கா, தலைக்கா என்று கேட்டு. நான் முதல்தடவை கேட்காமல் ஏறினேன். நடுத்தண்ணீரில் கணக்கு மாறியது. உயிர்காப்பு அங்கி இல்லாவிட்டால் பிள்ளைகளை ஏற்றவேண்டாம். படகோட்டிக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். வயதில் மூத்தவரென்றால் சிங்களத்தில் 'அய்யே' (அண்ணே), இளையவரென்றால் 'மல்லி' (தம்பி) என்று கூப்பிடுங்கள், முகம் மலரும். வடக்கே நீர்கொழும்பு மீனவரிடையே தமிழும் கேட்கும்.

காலை ஏழு மணிக்கு முன்னால் கிளம்பினால்தான் பறவை பார்க்கலாம். உச்சி வெயிலில் கனடாக் குளிருக்குப் பழகிய உடம்பு அரை மணியில் துவண்டுவிடும். தொப்பி, தண்ணீர், நுளம்பு மருந்து. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, உங்கள் விடுமுறைக்கும் ஒத்துவரும். தேவாலயத்துக்குள் போக நினைத்தால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும்.

எந்த நாள் என்று கேட்டால், இரவு விமானம் உள்ள கடைசி நாளைத்தான் சொல்வேன். பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிவிட்டு காலையில் வள்ளம், மத்தியானம் நீர்கொழும்பில் சோறும் நண்டுக்கறியும். அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான். மாற்றுடுப்பை மட்டும் பெட்டிக்குள் பூட்டிவிடாமல் கையில் வைத்திருங்கள்.