கார் சர்வீஸ் கேட்கிறதா? காலையில் பத்து நிமிடம் போதும்

சர்வீஸ் எப்போது விட வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. அதிகம் ஓட்டாத வண்டிக்கும் வருடக் கணக்கு உண்டு. நின்ற இடத்திலேயே ஆயிலில் ஈரம் சேரும். ஆனால் சில வண்டிகள் அந்தத் தேதிக்கு முன்பே சர்வீஸ் கேட்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பத்து நிமிடம்.

1. தரையைப் பாருங்கள்

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் வெறும் தண்ணீர் இருந்தால் ஏசியிலிருந்து சொட்டியது, விட்டுவிடலாம். கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில். பச்சை அல்லது ரோஸ் நிறம் என்றால் பெரும்பாலும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம். சக்கரத்தின் பக்கம் எண்ணெய்போல வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்போது வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

2. ஆயில் அளவு

சமதளத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். முதல் தடவை எடுத்ததை நம்பக்கூடாது, ஆயில் மேலே வரை அப்பியிருக்கும். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் சரி. நிறம் கறுத்திருப்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், டீசல் வண்டியில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். பால் கலந்ததுபோல் வெளுத்து நுரைத்திருந்தால் உள்ளே கூலன்ட் கலந்திருக்கலாம், காட்டாமல் ஓட்டாதீர்கள்.

அப்படியே கூலன்ட் டப்பாவையும் வெளியிலிருந்து பாருங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் எப்போதும் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

3. விளக்குகள்

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் சில நாட்களுக்குள் காட்டுங்கள். அதே விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்து, அன்றைக்கே காட்ட வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு என்றால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். "பக்கத்தில்தானே வீடு" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

செல்ஃப் அடிக்கும்போது இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனால் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. காதைக் கொடுங்கள்

பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியமான சோதனை. பிரேக் பிடிக்கும்போது 'கீச்' என்று கேட்டால் பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பிடித்து நிறுத்தும் கட்டை, தேய்ந்திருக்கலாம். பல வண்டிகளில் பேட் மெலிந்ததும் டிஸ்கில் உரசிச் சத்தம் போடவே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அதைக் கேட்காமல் விட்டால் 'கரகர' என்று இரும்பும் இரும்பும் உரசும், அப்புறம் டிஸ்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். மழைக்கு மறுநாள் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் கேட்டு மறைவது மேல்துரு, அது பரவாயில்லை.

நேர்ச்சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். காற்று சரியாக இருந்தும் இழுத்தால் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் "ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், திருப்பும்போதா பிரேக் பிடிக்கும்போதா என்று சொல்லுங்கள். பட்டறைக்குப் போனதும் அந்தச் சத்தம் வராமல் போவது உண்டு. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை போனில் பதிவு செய்யச் சொல்லி, அதையும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள்.