விமானம் ரத்தானால் டிக்கெட் பணம், மாற்று விமானம், இழப்பீடு ஆகியவற்றைப் பெறும் முறை

குடும்பத்துடன் சென்னையிலிருந்து டெல்லிக்குச் செல்லவிருந்த விமானம் புறப்பட வேண்டிய நாளன்று காலையில் ரத்தானது. மாற்று விமானத்தில் அன்றே இடம் பெற்றோம்; இழப்பீட்டைப் பின்னர் கடிதப் போக்குவரத்தின் மூலம் பெற்றோம். அதே நிலையில் முதன்முறையாக நிற்பவர்களுக்காக, அந்த வழியை வரிசைப்படி எழுதுகிறேன். இங்கே சொல்வது இந்திய உள்நாட்டு விமானங்களுக்கானது. விதிகளை வகுத்திருப்பது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம்.

முதல் படி: செய்தி வந்தவுடன் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள்

ரத்து அறிவிப்புடன் வரும் இணைப்பில் பணத்தைத் திரும்பப் பெறும் பொத்தான்தான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும். அதை அழுத்தினால் பயண ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு அன்றைய விலையில், பல மடங்கு கட்டணத்தில், நீங்களே புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஆகவே அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, வேண்டிய விமானத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு பேசுங்கள். எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்கு வேலை விரைவாக நடக்கிறது.

இரண்டாம் படி: ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் அணுகுங்கள்

குடும்பத்தில் ஒருவர் கவுன்ட்டர் வரிசையில் நிற்கட்டும். மற்றொருவர் தொலைபேசியில் முயலட்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடவே கூடாது, ஏனெனில் போலி எண்களை வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இத்தகைய நேரத்தைத்தான் எதிர்பார்த்திருக்கின்றன. எண்ணை நிறுவனத்தின் செயலியிலிருந்தோ இணையதளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைவிட மின்னஞ்சலையே நான் பரிந்துரைப்பேன். பின்னாளில் சான்றாகக் காட்ட அதுவே வசதியானது.

காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானாலும், இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரை பறப்பது 3 மணி நேரம் தாமதமானாலும், நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்குமிடமும் தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானமென்றால் 6 மணி நேரத் தாமதத்துக்கே தங்குமிடம் உண்டு. கேட்காதவர்களுக்கு இவை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மூன்றாம் படி: இழப்பீடு

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன்பே ரத்தைத் தெரிவித்துவிட்டால் இழப்பீடு கிடையாது. உரிய காலத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு ரூ.5,000, இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடாகும். புயல், வெள்ளம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தடை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே ரத்தான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்ற பொதுவான பதிலோடு விட்டுவிடாமல், குறிப்பான காரணம் எது என்று மீண்டும் எழுதுங்கள்.

முறையான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் விதி சொல்கிறது. நாங்கள் ஒரு முன்பதிவுத் தளத்தில் டிக்கெட் எடுத்திருந்தோம். அந்தத் தளம் எங்கள் எண்ணுக்குப் பதிலாகத் தன்னுடைய எண்ணையே விமான நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது. முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அனுப்பினீர்கள் என்று கேட்டோம். அவர்கள் காட்டிய கடைசி நான்கு இலக்கங்கள் எங்கள் எண்ணுடையவை அல்ல. முன்பதிவின்போது எங்கள் எண்ணைக் கொடுத்ததற்கான உறுதிப்படுத்தல் பக்கத்தை இணைத்து அனுப்பிய பிறகுதான் கோரிக்கை ஏற்கப்பட்டது. எனவே டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் எனப்படும் முன்பதிவு எண்ணை உள்ளிட்டு, உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தக் காரணத்துக்காகவே, சற்று விலை கூடினாலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

நான்காம் படி: பதில் வராவிட்டால்

நிறுவனத்தின் இணையதளத்தில், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி ஆகியோரின் முகவரிகள் இருக்கும். அந்த வரிசையிலேயே எழுதுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. இறுதி வழியான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.

பின்சேர்க்கை: மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு ஊருக்குத் தனி டிக்கெட் என்று எடுத்தவர்கள் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். இரண்டும் வெவ்வேறு பிஎன்ஆர் என்றால், முதல் விமானம் ரத்தானதற்காக இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே இரண்டாம் விமானம் புறப்படும் முன்பே அந்த நிறுவனத்தை அழைத்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். அது முடியாமல் பயணம் தவறிவிட்டாலும், பணம் திரும்பாத டிக்கெட்டிலும்கூட, பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களை நீங்கள் கேட்டுப் பெறலாம்.